முப்பது முழக் கயிறு

அவைத்தலைவர் அவர்களே, என்னை அன்போடு அறிமுகம் செய்துவைத்த தலைமையாசிரியை அம்மா அவர்களே, எனக்கு முன் அருமையாகப் பேசிய பேராசிரியர் ஐயா அவர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம். உடம்பு சரியில்லாத நிலையிலும் செயலாளர் ஐயா வந்து உட்கார்ந்திருக்கிறார். அவருக்குத் தனியாக ஒரு வணக்கம்.

‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பார்கள். நான் எந்த மேடை ஏறினாலும் சொல்கிற பழமொழி இது. இன்று யோசனை, வானியல் அலகு, பார்செக் என்று மூன்று தூர அளவுகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

முதலில் யோசனை. பூமியின் விட்டம் 1,050 யோசனை என்றார் ஆரியபடர். சூரிய சித்தாந்தம் என்ற பழைய வானியல் நூல் 1,600 என்கிறது. பூமி ஒன்றுதானே? இன்றைய அளவில் 12,742 கிலோமீட்டர். இரண்டு பேரும் சரியாகவே அளந்தார்கள் என்று வைத்துக்கொண்டு வகுத்துப் பாருங்கள். ஆரியபடரின் யோசனை 12 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. மற்றது 8 கிலோமீட்டரில் நிற்கிறது. ஆக, ஒரு யோசனை எத்தனை கிலோமீட்டர் என்று யாராவது கேட்டால், யாருடைய யோசனை என்று கேளுங்கள்.

ஒரு பள்ளிக்குப் போயிருந்தேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் மேசையை முழம் போடச் சொன்னேன். நெட்டையான பையன் ஒருவன் நாலு முழம் என்றான். ஒரு சின்னப் பெண் அஞ்சு என்றாள். அவ்வளவுதான், வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது! “நீ கையை நகர்த்திட்டே!” “உன் கைதான் நீளம்!” ஆசிரியர் அதட்டியும் அடங்கவில்லை. அந்தப் பெண் பேசாமல் தன் சடை ரிப்பனை அவிழ்த்தாள். பையனின் முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை இழுத்துப் பிடித்து, அங்கே ஒரு முடிச்சுப் போட்டாள். “இனிமே இதுதான் முழம். யார் கையா இருந்தா என்ன?” என்றாள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

2012-இல் பெய்ஜிங்கில் கூடிய உலக வானியலாளர்கள் போட்டதும் அதே முடிச்சுதான். சூரியனுக்கும் நமக்கும் உள்ள தூரத்தை வைத்து வந்ததுதான் வானியல் அலகு. ஆனால் அந்தத் தூரம் ஆண்டுக்குள்ளேயே கூடும், குறையும். அதனால் வானியல் அலகு என்பது 14,959 கோடியே 78 லட்சத்து 70 ஆயிரத்து 700 மீட்டர் என்று கட்டிவைத்தார்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு!

அடுத்தது பார்செக். 3.26 ஒளியாண்டு, அதாவது ஒளி 3.26 ஆண்டில் போகும் தூரம். அது பிறந்த கதைக்குக் கோணக் கணக்கெல்லாம் வேண்டும், நேரம் போதாது. அதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

ஒளியாண்டு 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர் என்று பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். அது எவ்வளவு தூரம் என்று கேட்டால் விழிக்கிறார்கள். இதற்காகத்தான் ஊர் ஊராகக் கேட்டு வருகிறேன்: பள்ளிக்கு ஒரு முப்பது முழக் கயிறு வாங்கி வையுங்கள். ஒரு முழம் என்பது ஒரு வானியல் அலகு. ஒரு நுனி சூரியன். முதல் முழத்தில் பூமி. நிலா பூமியிலிருந்து ஒரு மில்லிமீட்டர் சொச்சம். கயிற்றின் மறுநுனியில் நெப்டியூன். சரி, ஒளியாண்டு? 63,241 முழம்! முழத்துக்கு 45 சென்டிமீட்டர் என்றால் 28 கிலோமீட்டருக்கு மேல். சூரியனுக்கு மிக அருகில் இருக்கும் விண்மீனான பிராக்சிமா செண்டாரிக்கு ஏறத்தாழ 120 கிலோமீட்டர் போக வேண்டும்.

தலைமையாசிரியை அம்மா, உங்கள் பள்ளிக்கு ஒரு கயிறு கொண்டுவந்திருக்கிறேன். முழத்துக்கு ஒரு முடிச்சு நானே போட்டிருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் மைதானத்துக்குப் போவோம். சூரியன் பக்கம் பிடிக்க ஒருவர், நெப்டியூன் பக்கம் ஒருவர் வாருங்கள்.