ஹெம்ப் விதை எண்ணெய்: அடுப்பை அணைத்த பிறகு

நேயர்களுக்கு வணக்கம். ஹெம்ப் விதை எண்ணெயைப் பற்றிப் பேச உட்கார்ந்தால், முதலில் பெயர்க் குழப்பத்தைத்தான் தீர்க்க வேண்டியிருக்கிறது. பலர் இதைச் சணல் விதை எண்ணெய் என்று சொல்லிவிடுகிறார்கள். கோணிப்பைக்கு நார் தரும் சணல் வேறு. நெல் நடுவதற்கு முன் வயலில் மடக்கி உழும் சணப்பை வேறு. இதுவோ கஞ்சாச் செடி இனத்தின் விதையில் ஆட்டிய எண்ணெய். போதைப்பொருள் அந்தச் செடியின் பூக்கொத்துப் பிசினில்தான் மிகுந்திருக்கிறது. விதைக்குள் அநேகமாக இல்லை. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டமே, பூக்கொத்தோடு சேராத விதையைக் கஞ்சா என்னும் வரையறைக்கு வெளியே வைத்தது. 2021 நவம்பரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் விதை, எண்ணெய், மாவு ஆகிய மூன்றையும் உணவாக விற்பதற்கு விதிமுறை வகுத்தது.

உத்தராகண்டின் குமாவோன் மலைப்பகுதி மக்களுக்கு இந்த விதை புதிதன்று. பல ஆண்டுகளுக்கு முன் அல்மோராவுக்கு அருகே ஒரு வீட்டில் தங்கியிருந்தபோது, அந்த வீட்டுப் பாட்டி மிளகை விடச் சற்றே சிறிய, சாம்பல் நிற விதைகளை ஒரு பிடி எடுத்து இரும்புச் சட்டியில் இட்டு, அவை படபடவென்று வெடிக்கத் தொடங்கியதும் இறக்கி, பச்சை மிளகாய், கொத்தமல்லி, உப்பு சேர்த்து அம்மியில் அரைத்து, எலுமிச்சம்பழம் பிழிந்து துவையலாக வைத்தார். நான்கு நாளும் அதே துவையல். நான்கு நாளும் அன்றன்றைக்கு அரைத்தது. மொத்தமாக அரைத்து வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டேன். "நேற்று அரைத்தது இன்று கசக்கும்" என்றார். வேதியியல் படித்த எனக்கு அந்த ஒரு வாக்கியத்தில் இந்த எண்ணெயின் குணம் முழுவதும் விளங்கிவிட்டது.

எப்படி என்று சொல்கிறேன். இந்த எண்ணெயில் பாதிக்கு மேல் லினோலியிக் அமிலம் என்னும் ஒமேகா-6 வகைக் கொழுப்பு. ஏறக்குறைய 15 முதல் 20 விழுக்காடு ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் என்னும் ஒமேகா-3 வகைக் கொழுப்பு. நம் வீட்டுக் கடலையெண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் சூரியகாந்தி எண்ணெயிலும் இந்த ஒமேகா-3 மிகச் சொற்பம். ஆனால் இரண்டு தேக்கரண்டி ஹெம்ப் எண்ணெயிலேயே சுமார் ஒன்றரை கிராம் கிடைத்துவிடுகிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது ஆணுக்கு 1.6 கிராம், பெண்ணுக்கு 1.1 கிராம். ஆளிவிதை எண்ணெயில் இது இன்னும் அதிகம் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மீனில் உள்ள ஒமேகா-3க்கு இது முழு மாற்றும் ஆகாது; உடல் இதில் சிறு பங்கையே அந்த வடிவத்துக்கு மாற்றிக்கொள்கிறது.

ஆனால் இதே கொழுப்புதான் காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டால் விரைவில் சிக்குப் பிடிக்கிறது. விதைக்கு ஓடு காவல். அரைத்ததும் அந்தக் காவல் போய்விடுகிறது. அதனால் சொல்கிறேன், இதில் தாளிக்காதீர்கள், பொரிக்காதீர்கள். இட்லிப்பொடிக்கு நல்லெண்ணெய் குழைப்பதுபோலப் பச்சையாகக் குழையுங்கள். அடுப்பை அணைத்து இறக்கிய கீரை மசியலின் மேல் ஒரு தேக்கரண்டி விடுங்கள். வேறு எண்ணெயோடு கூடுதலாக அல்ல, அதில் ஒரு பங்குக்குப் பதிலாக. இதுவும் எண்ணெய்தான், ஒரு மேசைக்கரண்டிக்கு 120 கலோரி.

நேரம் நெருங்கிவிட்டதால் மீதியைச் சுருக்கிச் சொல்கிறேன். ஹெம்ப் புரதம் என்று கேள்விப்படுவது விதையில் இருப்பது. எண்ணெயில் புரதம் கிடையாது. சிபிடி (கஞ்சாச் செடியில் உள்ள, போதை தராத ஒரு வேதிப்பொருள்) எண்ணெய் என்று விற்பது பூவிலும் இலையிலும் எடுப்பது; அது இதுவன்று. வாங்கும்போது சிறிய, கருநிறப் புட்டியாகப் பார்த்து வாங்கிக் குளிர்பெட்டியில் வையுங்கள். நல்ல எண்ணெய் பச்சை நிறமாக, கொட்டைப் பருப்பின் மணத்தோடு இருக்கும். பெயின்ட் வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். வணக்கம்.