எல்லையில் கேட்பார் இல்லை: ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழியின் லைப்ரரியை அழைப்பது

(தருமபுரியில் பொறியியல் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆசிரியப் பெருமக்களுக்கும், செட்டிக்கரையிலிருந்தும் பர்கூரிலிருந்தும் வந்திருக்கும் மாணவர்களுக்கும், ஓசூர்த் தொழிற்கூடங்களில் நிரல் எழுதும் நண்பர்களுக்கும் வணக்கம்.

ஓசூர்ச் சந்தையில் ஒரு மணி நேரம் நின்றால் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் காதில் விழும். ஒருவர் கன்னடத்தில் விலை கேட்பார், கடைக்காரர் தெலுங்கில் சொல்வார், சரக்கு கைமாறிவிடும். விலை சரியாகக் காதில் விழாவிட்டால் "எவ்வளவு சொன்னீங்க?" என்று மறுபடி கேட்டுக்கொள்வார்கள். பைத்தான், சி என்ற இரண்டு நிரல்மொழிகளும் சந்திக்கும் இடத்தில் அந்த மறுகேள்வி கிடையாது. எண்ணாகக் கொடுத்ததை நினைவக முகவரியாக எடுத்துக்கொண்டாலும் நிரல் நிற்காமல் ஓடும். எங்கோ பத்தாயிரம் வரி தள்ளிப் போய் விழும். இல்லையென்றால் விழாமலே தப்பான விடையைக் கொடுத்துக்கொண்டிருக்கும், அது இன்னும் மோசம். எல்லையில் காவல் இல்லை என்பதால், அங்கே எழுதப்படும் ஒவ்வொரு அறிவிப்பையும் நாமேதான் சரிபார்த்தாக வேண்டும். இன்று பேசப்போவது இதைப் பற்றித்தான்.

இவ்வளவு பாடுபட்டு இன்னொரு மொழியின் லைப்ரரியை, அதாவது ஆயத்தமாக எழுதிவைத்த ஃபங்ஷன்களின் தொகுப்பை, ஏன் அழைக்க வேண்டும், நம் மொழியிலேயே எழுதிக்கொள்ளக் கூடாதா? மேட்ரிக்ஸ் கணக்குகளுக்கான பிளாஸ் என்ற லைப்ரரி 1979-இல் வெளியானது. அதன் மேல் கட்டிய லாபேக் 1992-இல் வந்தது. இரண்டுமே ஃபோர்ட்ரான் மொழியில் எழுதியவை. பைத்தானின் கணித லைப்ரரிகளான நம்பையிலும் சைபையிலும் சமன்பாடுகளைத் தீர்க்கச் சொல்லும்போது உள்ளே ஓடுவது அந்த வழிவந்த நிரல்களே. மிதவைப் புள்ளி எண்களில் பிழை எப்படிப் பெருகும் என்று அறிந்தவர்கள் பல்லாண்டுகள் தேய்த்து மெருகேற்றிய வேலை அது. ஒரு செமஸ்டரில் நாம் எழுதும் நிரல் அதற்கு ஈடாகாது.

அழைப்பு எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். லைப்ரரிக் கோப்பு நினைவகத்தில் ஏற்றப்படுகிறது. ஃபங்ஷனின் பெயரைத் தேடி அதன் முகவரி எடுக்கப்படுகிறது. உள்ளீடுகளை உரிய ரெஜிஸ்டர்களில் (சிப்புக்குள்ளேயே இருக்கும் சிறு இடங்கள்) வைத்து அந்த முகவரிக்குத் தாவுகிறோம். திரும்பி வந்ததும் விடையை இன்னொரு ரெஜிஸ்டரிலிருந்து எடுக்கிறோம். 64 பிட் இன்டெல், ஏஎம்டி சிப்களில் ஓடும் லினக்ஸில் முதல் ஆறு முழு எண்களும் முகவரிகளும் ஆறு குறிப்பிட்ட ரெஜிஸ்டர்களில் போகும். தசம எண்களுக்கு எக்ஸ்எம்எம் என்ற தனி வரிசை. விண்டோஸில் ரெஜிஸ்டரில் போவது முதல் நான்கு உள்ளீடுகள் மட்டுமே. சி மொழி பின்பற்றும் இந்த ஒழுங்கைத்தான் மற்ற மொழிகளும் பொதுமொழியாக வைத்துக்கொண்டன. ரஸ்ட் நிரலைப் பைத்தான் அழைத்தாலும் நடுவில் இருப்பது சி-யின் ஒழுங்கு.

பைத்தானில் 2006-இல் வந்த 2.5 பதிப்பிலிருந்து, சி லைப்ரரிகளை அழைக்கும் சிடைப்ஸ் என்ற கருவி கூடவே வருகிறது. அதைக்கொண்டு சி-யின் கணித லைப்ரரியை ஏற்றி, வர்க்கமூலம் காணும் ஃபங்ஷனை 2.0 கொடுத்து அழைத்துப் பாருங்கள். "இதை எப்படி மாற்றுவது என்று தெரியவில்லை" என்று மறுத்துவிடும். நல்லது. இப்போது முழு எண் 2 கொடுங்கள். மறுக்காது. அந்த 2 முழு எண்ணுக்கான ரெஜிஸ்டரில் போய் உட்காரும். ஃபங்ஷனோ எக்ஸ்எம்எம் ரெஜிஸ்டரில் ஏற்கெனவே கிடந்த ஏதோ ஒன்றுக்கு வர்க்கமூலம் காணும். விடையையும் எக்ஸ்எம்எம்-இல் வைக்கும். பைத்தான் முழு எண் ரெஜிஸ்டரைத் திறந்து, அங்கே கிடப்பதை விடை என்று கொடுக்கும். எந்த இடத்திலும் பிழைச் செய்தி இல்லை. உள்ளீட்டின் வகையைச் சொல்லும் ஆர்க்டைப்ஸில் டபுள் (64 பிட் தசம எண்), விடையின் வகையைச் சொல்லும் ரெஸ்டைப்பிலும் டபுள் என்று இரண்டு வரி எழுதினால் 1.4142135623730951 வந்துவிடும்.

ரெஸ்டைப் எழுத மறப்பதுதான் நான் அறிந்ததிலேயே அதிகமானோரைக் கவிழ்க்கும் பிழை. எழுதாவிட்டால் விடை 32 பிட் முழு எண் என்று சிடைப்ஸ் எடுத்துக்கொள்ளும். ஃபங்ஷன் திருப்பித் தருவது 64 பிட் முகவரி என்றால் மேல்பாதி வெட்டுப்படும். முகவரி தற்செயலாக 2 ஜிபி-க்குக் கீழே இருந்தால் வேலை செய்யும்; மேலே போனால் செக்மெண்டேஷன் ஃபால்ட் என்று நிரல் விழும். "என் கணினியில் ஓடியது, அங்கே ஓடவில்லை" என்ற பேச்சு பல நேரம் இங்கேதான் பிறக்கிறது. இதிலும் ஒரு உள்மடிப்பு உண்டு. ரெஸ்டைப்பை வாய்ட் பாயிண்டர் (வகை சொல்லாத முகவரி) என்று சரியாகவே எழுதிவிட்டீர்கள். கிடைத்த முகவரி பைத்தானில் சாதாரண முழு எண்ணாகத்தான் வரும். அதை அடுத்த ஃபங்ஷனுக்கு ஆர்க்டைப்ஸ் எழுதாமல் கொடுத்தால் மறுபடி 32 பிட்டுக்கு வெட்டப்படும். ஆகவே இரண்டு பக்கமும் எழுத வேண்டும். ஒரு ஃபங்ஷனுக்கும் விதிவிலக்கு வைக்காதீர்கள்.

எண்களின் அகலம் அடுத்தது. பிலிகுண்டுலுவில் அளக்கும் காவிரி நீர்வரத்து, வெள்ள நாட்களில் வினாடிக்கு 1 லட்சம் கன அடியைத் தாண்டும். அந்த 1,00,000-ஐக் குறியில்லாத 16 பிட் புலத்தில் போடுங்கள். அதில் அடங்குவது 65,535 வரைதான். சிடைப்ஸ் எச்சரிக்காமல் 34,464 என்று எழுதிவைக்கும். வெள்ள நாளின் கணக்கு மிதமான நாளின் கணக்காக மாறிவிடும்! லாங் என்ற முழு எண் வகையும் இப்படித்தான்: 64 பிட் லினக்ஸில் 8 பைட், 64 பிட் விண்டோஸில் 4 பைட். எல்லையைத் தாண்டும் எண்ணுக்கு லாங் வேண்டாம். இன்ட்32, இன்ட்64 என்று அகலம் பெயரிலேயே இருக்கும் வகைகளை இரண்டு பக்கமும் வையுங்கள்.

ஸ்ட்ரக்ட்டுக்கு, அதாவது பல புலங்களை ஒன்றாக அடுக்கிய பதிவுக்கு, வருவோம். கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலைக்கு வரும் ஒரு லோடைப் பதிவு செய்கிறோம். தரத்துக்கு ஒரு எழுத்து, 1 பைட். எடைக்கு டபுள், 8 பைட். பெட்டி எண்ணிக்கைக்கு இன்ட், 4 பைட். கூட்டினால் 13. சி கம்பைலர் எடுத்துக்கொள்வதோ 24. டபுள் 8-இன் மடங்கில் தொடங்க வேண்டும் என்பதால் தரத்துக்குப் பின் 7 பைட் வெற்றிடம், கடைசியில் 4 பைட் வெற்றிடம். எடை, பெட்டி, தரம் என்று பெரியதிலிருந்து அடுக்கினால் 16 போதும். சிடைப்ஸின் ஸ்ட்ரக்சரும் இயல்பாக இதே முறையைத்தான் பின்பற்றும். சிக்கல் எப்போது? ஒரு பக்கம் பேக் 1 என்று நெருக்கி அடுக்கி, மறுபக்கம் அதைச் சொல்லாதபோது. ஒருவர் எடையை 1-ஆம் இடத்தில் எழுதுவார், மற்றவர் 8-ஆம் இடத்தில் படிப்பார். புலங்களின் வரிசை மாறினாலும் இதே கதிதான்.

எழுத்துத்தொடர்கள் தமிழ் எழுதும் நமக்குக் கூடுதல் கவனம் கேட்பவை. 'தருமபுரி' என்பதில் நம் கண்ணுக்கு 5 எழுத்து. நீளம் சொல்லும் பைத்தானின் லென் 8 என்று சொல்லும், காரணம் துணைக்குறிகளும் தனியாக எண்ணப்படும். யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட், ஆக 24. சி-க்கு முடிவைக் காட்டும் பூஜ்யம் ஒன்று சேர்த்து 25. லென் 8 என்றதே என்று 9 பைட் இடம் ஒதுக்கி சி-யிடம் கொடுத்தால், அது பக்கத்து நினைவகத்தின் மேல் 16 பைட் எழுதிவிடும். ஆங்கிலப் பெயரில் சோதித்தவருக்கு இந்தப் பிழை கண்ணில் படாது. சோதனைத் தரவில் தமிழ்ப் பெயர்களையும் கட்டாயம் வையுங்கள். சி எழுத வேண்டிய இடத்துக்குப் பைத்தானின் பைட்ஸ் பொருளைக் கொடுக்கவே கூடாது, அது மாற்றக் கூடாதது. அதற்கென்று சிடைப்ஸில் கிரியேட் ஸ்ட்ரிங் பஃபர் இருக்கிறது.

நினைவகத்தை யார் ஒதுக்கினாரோ அவரே விடுவிக்க வேண்டும். இதில் தளர்வு கூடாது. லைப்ரரி மாலாக் செய்து, அதாவது நினைவகம் ஒதுக்கி, ஒரு தொடரைத் தருகிறது, நீங்கள் ரெஸ்டைப்பை சார் பாயிண்டர் என்று எழுதியிருக்கிறீர்கள் என்றால், சிடைப்ஸ் நகலெடுத்துக்கொண்டு மூல முகவரியைத் தொலைத்துவிடும். பிறகு விடுவிக்க வழியில்லை. ஒவ்வொரு அழைப்புக்கும் கொஞ்சம் கசியும். வாய்ட் பாயிண்டராக வாங்கி, ஸ்ட்ரிங் அட் கொண்டு நகலெடுத்து, அந்த லைப்ரரியே தரும் விடுவிப்பு ஃபங்ஷனை அழையுங்கள். விண்டோஸில் ஒவ்வொரு டிஎல்எல்லும் (அங்கே லைப்ரரிக் கோப்பின் பெயர்) தனக்கென்று வேறு சி ரன்டைம் வைத்திருக்கலாம். ஒன்றில் ஒதுக்கியதை இன்னொன்றின் விடுவிப்பு ஃபங்ஷனான ஃப்ரீ-யிடம் கொடுத்தால் ஹீப் (ஒதுக்கீட்டு நினைவகம்) சிதைந்துவிடும்.

கால்பேக்கிலும் ஆயுள்தான் பிரச்சினை. பைத்தான் ஃபங்ஷன் ஒன்றை சி-யிடம் பதிந்து வைக்கிறீர்கள்; எடைமேடையில் வண்டி ஏறினால் இதைக் கூப்பிடு என்று. அந்த ஃபங்ஷனைச் சுற்றி சிடைப்ஸ் உருவாக்கிய பொருளைப் பைத்தான் பக்கம் யாரும் பிடித்துவைக்கவில்லை என்றால் அது குப்பையாக அள்ளப்படும். அடுத்த வண்டி ஏறும்போது சி இல்லாத முகவரிக்குத் தாவும். ஒரு மாறியில், அல்லது பொருளின் உறுப்பாக, பதிவு நீடிக்கும்வரை வைத்திருங்கள். கால்பேக்குக்குள் எழும் விதிவிலக்கு (எக்செப்ஷன் எனும் பிழை அறிவிப்பு) சி-யைத் தாண்டி வராது என்பதையும் நினைவில் வையுங்கள். செய்தியை அச்சிட்டுவிட்டு, திரும்பும் மதிப்பு எதிர்பார்க்கப்பட்டால் பூஜ்யம் போன்ற ஒன்றுதான் சி-க்குப் போகும்.

சி++ லைப்ரரி என்றால் பெயரே மாறிப்போயிருக்கும். இரண்டு இன்ட் வாங்கும் 'கூட்டு' என்ற ஃபங்ஷனை ஆங்கில எழுத்து ஐந்தில் எழுதி ஜிசிசி கம்பைலரில் கம்பைல் செய்தால், அடிக்கோடு, இசட், 5, பெயர், ஐ, ஐ என்று ஒட்டிக்கொண்டு நிற்கும். எக்ஸ்டர்ன் சி என்று அறிவித்தால் மட்டுமே இயற்பெயர் கிடைக்கும். அப்படி அறிவித்து லைப்ரரிக்கு மேல் எழுதும் உறை ஃபங்ஷனுக்குள்ளேயே எல்லா விதிவிலக்குகளையும் பிடித்துப் பிழை எண்ணாக மாற்றிவிடுங்கள். ஃபோர்ட்ரான் கம்பைலரான ஜிஃபோர்ட்ரான் பெயரின் இறுதியில் அடிக்கோடு சேர்க்கும், உள்ளீடுகளை முகவரியாகக் கேட்கும், மேட்ரிக்ஸை நெடுவரிசையாகப் படிக்கும். சதுர மேட்ரிக்ஸ் என்றால் இடமாற்றம் செய்யப்பட்ட மேட்ரிக்ஸுக்கான விடை சத்தமில்லாமல் வந்து சேரும். ஜாவாவில் இதற்கென்று 1997 முதல் ஜேஎன்ஐ என்ற இடைமுகம் இருக்கிறது. 2024-இல் ஜாவா 22-இல் நிலைபெற்ற புதிய இடைமுகம் அதைவிட எளிது, புதிதாகத் தொடங்குவோர் அதையே எடுக்கலாம்.

வேகத்துக்கு ஒரு சொல். ஒவ்வொரு அழைப்புக்கும் எல்லையில் சுங்கம் உண்டு. 10 லட்சம் எண்களுக்கு 10 லட்சம் முறை தாண்டினால் சி-யின் வேகம் முழுக்க அங்கேயே கரையும். அணியை மொத்தமாகக் கொடுத்து ஒரே முறை தாண்டுங்கள். ஆனால் நம்பை அணியில் ஒன்றுவிட்டு ஒன்று எடுத்த துண்டு நினைவகத்தில் தொடர்ச்சியாக இருக்காது. அதன் முகவரியை அப்படியே கொடுத்தால் சி விடுபட்டவற்றையும் சேர்த்துப் படிக்கும். தொடர்ச்சியான நகலாக்கும் அஸ்கன்டிகுவஸ்அரே போட்டுவிட்டுக் கொடுங்கள்.

கருவி எது? நாலைந்து ஃபங்ஷன் என்றால் சிடைப்ஸ் போதும். சி++ என்றால் பைபைண்ட்11. அதற்கு மேல் வளரும் சி லைப்ரரிக்கு என் தேர்வு சிஎஃப்எஃப்ஐ, அதுவும் ஏபிஐ முறையில், அதாவது கம்பைலரைக் கூட்டி வரும் முறையில். அதில் உங்கள் அறிவிப்பைச் சி கம்பைலர் ஹெடர் கோப்போடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. காவல் இல்லாத எல்லையில் ஒரு காவலாள் கிடைக்கிறார்.

ஏற்றும்போதே விழுந்தால் முதலில் 32 பிட்டா 64 பிட்டா என்று பாருங்கள், இரண்டும் கலக்காது. லினக்ஸில் எல்டிடி என்ற கட்டளை எந்தத் துணை லைப்ரரி காணவில்லை என்று காட்டும், என்எம் மைனஸ் டி பெயர் உண்மையில் இருக்கிறதா என்று காட்டும். விண்டோஸில் பைத்தான் 3.8 முதல் பாத் என்ற சூழல் மாறியில் உள்ள அடைவுகளில் துணை டிஎல்எல்களைத் தேடுவதில்லை. ஆட் டிஎல்எல் டைரக்டரி என்று சொல்லித்தான் ஆக வேண்டும். ஓடும்போது விழுந்தால் பைத்தானை மைனஸ் எக்ஸ் ஃபால்ட்ஹேண்ட்லர் போட்டு இயக்குங்கள், விழுந்த பைத்தான் வரி தெரியும்.

சி பக்கத்தில் நீங்கள் எழுதும் உறையில் முதல் ஃபங்ஷனாக இதை வையுங்கள்: எல்லையைத் தாண்டும் ஸ்ட்ரக்ட்டின் சைஸ்ஆஃப் (பைட் அளவு) எவ்வளவு என்று திருப்பித் தருவது. லைப்ரரியை ஏற்றியவுடன் பைத்தான் பக்க சைஸ்ஆஃபோடு ஒப்பிடுங்கள். இங்கே 24, அங்கே 13 என்றால் ஒரு லோடுகூடப் பதியும் முன்பே நிரலை நிறுத்திவிடுங்கள்.