இடது கையிலிருந்து தொடங்குவோம்

(திருகோணமலையில் பியானோவும் கீபோர்டும் பயிலும் பிள்ளைகளுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

பல வருடங்களுக்கு முன் ஒரு நத்தார் இரவு. நம் ஊர்த் தேவாலயம் ஒன்றில் ஆர்கன் வாசிக்க உட்கார்ந்திருந்தேன். அப்போது நான் எட்டாம் கிரேட் சோதனை வரை முடித்தவன். பூசைக்கு நேரமாகிவிட்டது, குருவானவர் வந்து சேரவில்லை. ஒரு பெரியவர் கிட்டே வந்து, "தம்பி, இன்னும் பத்து நிமிஷம் ஆகும். ஏதாவது வாசிச்சுக்கொண்டிருங்கோ" என்றார். கொண்டுபோன தாள்களை எல்லாம் வாசித்து முடித்திருந்தேன். தாள் இல்லாமல் என் கைக்கு ஒன்றும் வரவில்லை. பத்து வருடம் படித்த கை, பத்து நிமிடத்துக்குச் சொந்தமாக ஒரு வரி வாசிக்க முடியாமல் மடியில் கிடந்தது. அந்த மௌனம் இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது. இன்று பேசப்போவதெல்லாம் அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றித்தான்: தாள் இல்லாமல் அந்த இடத்திலேயே வாசிக்க, பரோக் காலத்து விரல் பயிற்சி எப்படி உதவும் என்பதைப் பற்றி.

ஐரோப்பிய இசையில் பரோக் காலம் என்று நாம் சொல்வது ஏறத்தாழ 1600 முதல் 1750 வரை. அந்தக் காலத்து ஆர்கன்காரருக்கு அப்படிப்பட்ட பத்து நிமிடம்தான் அன்றாட வேலை. பாட்டுக்கு முன் ஒரு முன்னுரை, இடையில் நேரத்தை நிரப்ப ஒரு துண்டு, முடிவில் சனம் வெளியே போகும்வரை ஒன்று. எல்லாம் அந்த இடத்திலேயே பிறக்க வேண்டும். 1720ல் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் ஹாம்பர்க் நகருக்குப் போனபோது ஒரே ஒரு தேவாலயப் பாட்டின் மெட்டை எடுத்துக்கொண்டு ஏறக்குறைய அரை மணி நேரம் விரித்து வாசித்தார். கேட்டுக்கொண்டிருந்த முதிய ஆர்கன் மேதை ரைன்கன், இந்தக் கலை செத்துப்போய்விட்டது என்று நினைத்திருந்தேன், உம்மிடம் அது உயிரோடு இருக்கிறது என்று பாராட்டினாராம்.

பாக் மேதை, அவரை விடுங்கள் என்று நீங்கள் சொல்லலாம். சரி, விடுவோம். ஆனால் ஐரோப்பாவின் சிறு சிறு ஊர்களில் பெயர் தெரியாத எத்தனையோ பேர் இதையே வாரா வாரம் செய்தார்கள். அவர்கள் எல்லோரும் மேதைகள் அல்ல. அவர்களுக்குக் கிடைத்த பயிற்சி வேறு. என்னைப் பல வருடமாகப் பிடித்து ஆட்டுவது அந்தப் பயிற்சிதான்.

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் நான்கு இசைப் பள்ளிகள் இருந்தன. தொடக்கத்தில் அவை அநாதைப் பிள்ளைகளின் காப்பகங்கள். பிள்ளை வளர்ந்தபின் பிழைக்க ஒரு தொழில் வேண்டுமே என்றுதான் இசை கற்றுக்கொடுத்தார்கள். துரான்தே, அவருக்குப் பின் ஃபெனரோலி போன்ற ஆசிரியர்கள் அங்கே எழுதிக்கொடுத்த பாடங்களைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். இடது கைக்கு மட்டும் ஒற்றை வரி. வலது கைக்கு ஒன்றுமே இல்லை. அதற்குப் பார்த்திமென்தோ என்று பெயர். அந்த ஒற்றை வரியைப் பார்த்து வலது கையைப் பிள்ளையே கண்டுபிடிக்க வேண்டும். தாள் பாதியைத் தருகிறது, மீதிப் பாதி பிள்ளையின் பொறுப்பு.

இப்போது நம் பிள்ளைகள் செய்யும் விரல் பயிற்சிக்கு வருவோம். பலருக்கு ஹானன் தெரியும். 1873ல் வந்த 60 பயிற்சிகள். முதல் 20ம் சி மேஜர் என்ற ஒரே ஸ்கேலிலேயே ஓடும். விரலுக்குப் பலம் தரும், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த ஓட்டத்தில் இடது கையும் வலது கையும் ஒரே சுரங்களைத்தான் வாசிக்கின்றன. இரண்டு கையும் ஒன்றோடொன்று பேசுவதில்லை. அதில் ஊறிய கைக்கு வேகம் வரும், சொல்ல ஒரு வசனம் வராது. அந்த நத்தார் இரவில் என் கை அப்படித்தான் இருந்தது.

வாய்ப்பாட்டோ வீணையோ படிக்கும் பிள்ளைகள் இங்கே இருக்கிறீர்கள். வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்குப் போகிறவர்களும் இருப்பீர்கள். உங்களுக்குச் சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் அலங்காரமும் தெரியும். ஏழு சுரத்தை இத்தனை விதமாக முன்னும் பின்னும் ஓட்டிப் பழகியதால்தான், பிற்காலத்தில் கற்பனாசுரம் பாடும்போது அது தொண்டையிலிருந்து தானாக எழுகிறது. வரிசைகளின் துண்டுகளே மனோதர்மத்தின், அதாவது அந்த இடத்திலேயே கற்பனையாகப் பாடுவதின், சொற்கள். பரோக் விரல் பயிற்சியும் அதே வேலையைச் செய்கிறது. ஒரு வித்தியாசம் உண்டு. நம் சங்கீதத்தில் ஒற்றைக் குரல், சுருதியின் மேல் நிற்கிறது. பரோக்கில் கீழே இருக்கும் சுரமும் நடந்துகொண்டே இருக்கும். அதனால் முதலில் பழக வேண்டியது அந்த நடை. இடது கையிலிருந்து தொடங்குவோம் என்று நான் சொல்வது அதனால்தான்.

வாசித்துக் காட்டுகிறேன். இடது கையில் எட்டுச் சுரம், மேற்கத்தியப் பெயரில்: சி, ஜி, ஏ, ஈ, எஃப், சி, எஃப், ஜி. தொடங்கும் சுரத்தையும் சேர்த்து எண்ணி நாலு சுரத் தூரம் இறங்கு, ஒரு படி ஏறு, மறுபடி நாலு இறங்கு. கடைசி இரண்டும் ஏறி வீட்டுக்குத் திரும்பும். கேட்டதுபோல் இருக்கிறதா? ஆம், கல்யாண வீடியோவில் எல்லாம் வருகிற, பரோக் இசையமைப்பாளர் பாகெல்பெல்லின் கானன் இதே நடைதான். அவர் டி மேஜரில் இந்த எட்டையும் 28 தடவை திருப்பித் திருப்பி வைத்து, மேலே மூன்று வயலின்களை ஓடவிட்டார்.

இந்த எட்டையும் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்க வரும்வரை வலது கையைத் தொடாதீர்கள். ஒன்று செய்யலாம், வாசிக்கும்போதே சுரத்தின் பெயரை வாய்விட்டுப் பாடுங்கள். அப்புறம் வலது கை. அதற்கு வேலை மிகச் சுலபம்: ஈ, டி, சி, பி, ஏ, ஜி என்று படிப்படியாக இறங்கி, ஏ, பி என்று ஏறி, சி-யில் போய் அமரும். இடது கை ஒன்று, வலது கை ஒன்று. இதிலேயே சங்கீதம் கேட்கிறது, பாருங்கள்.

அடுத்தபடி, வலது கையின் ஒவ்வொரு சுரத்தையும் நாலாக உடைக்க வேண்டும். ஈ என்ற ஒன்றுக்குப் பதிலாக ஈ, எஃப், ஈ, சி. விரல்: மூன்று, நான்கு, மூன்று, ஒன்று. அடுத்து டி-க்குப் பதிலாக டி, ஈ, டி, பி. விரல் அதேதான், கை அப்படியே ஒரு படி கீழே நகர்கிறது. பிறகு சி, டி, சி, ஏ. இப்படியே கடைசிவரை. எந்த இடத்திலும் இடறாது. ஏனென்றால் அந்தக் கடைசிச் சுரம், நாம் தொடங்கிய சுரத்துக்கு மூன்றாவதாகக் கீழே இருப்பது, ஒவ்வொரு தடவையும் இடது கையின் சுரத்தின் மேல் எழும் கோர்டுக்குள்ளேயே, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டத்துக்குள்ளேயே, விழுகிறது. எட்டு இடத்திலும் சோதித்துப் பாருங்கள். விரல் பயிற்சி என்று நான் சொல்வது இதைத்தான். நாலாம் விரலுக்கு ஹானன் தரும் அதே உழைப்பு இதிலும் இருக்கிறது. கூடவே காது ஒரு வசனத்தைப் படித்துக்கொள்கிறது.

வந்துவிட்டால் உருவத்தை மாற்றுங்கள். மேலே போகாமல் கீழே தொட்டு வாருங்கள். அல்லது கோர்டை உடைத்து அலையாக வாசியுங்கள். அதே எட்டுச் சுரம், புதிய முகம். இப்படி நாலு உருவம் கையில் இருந்தால் இரண்டு நிமிடம் தாராளமாக வாசிக்கலாம். அதையே ஜி மேஜரில், எஃப் மேஜரில், டி மேஜரில் வாசியுங்கள். ஒரே ஸ்கேலில் மட்டும் வருவது விரலின் பழக்கம். ஆறு ஸ்கேலில் வந்தால்தான் அது அறிவு என்பேன். இதில் நான் பிடிவாதக்காரன், என்னிடம் படிக்கும் பிள்ளைகளுக்குத் தெரியும்.

இன்னொரு பயிற்சி. எனக்கு மிகவும் பிடித்தது. இடது கை எஃப். வலது கை ஈ. இரண்டுக்கும் இடையில் ஏழு சுரத் தூரம், உரசுகிறது. உடனே விடாதீர்கள், அந்த உரசலைக் கேளுங்கள். இப்போது வலது கை டி-க்கு இறங்குகிறது. ஆறாகி, தீர்ந்துவிட்டது. அடுத்து இடது கை ஈ-க்கு இறங்கும். வலது கை டி-யிலேயே நிற்கிறது. சற்றுமுன் ஆறுதலாக இருந்த அதே டி இப்போது உரசலாகிவிட்டது! வலது கை சி-க்கு இறங்க, அதுவும் தீரும். மறுபடி இடது கை டி, மறுபடி உரசல், வலது கை பி. மாடிப்படியில் அலுமாரி இறக்குகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கீழே நிற்பவர் ஒரு படி இறங்குவார். மேலே நிற்பவர் ஒரு கணம் தாங்கிக்கொண்டு, பிறகு இறங்குவார். அந்த ஒரு கணத் தாங்கல்தான் பரோக் இசையின் உருக்கம். பாக்கின் மெதுவான பகுதிகளில் நெஞ்சை இழுக்கும் இடங்களைத் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் இந்தத் தாங்கல் அங்கே இருக்கும்.

இதற்கு விரல் கட்டுப்பாடு வேண்டும். ஒரு கட்டையை அமுக்கியபடி வைத்துக்கொண்டு மற்றதை நகர்த்த வேண்டும். பெடலை மிதித்துச் சமாளிக்கக் கூடாது. பாக் பெரும்பாலும் வாசித்தது பியானோவுக்கு முந்திய கட்டை வாத்தியங்களான ஹார்ப்சிகார்டும் கிளாவிகார்டும், கூடவே ஆர்கனும். பியானோவைக் கிறிஸ்டோஃபோரி ஃபுளோரன்ஸில் செய்தது 1700 அளவில்தான். பெடல் இல்லாத உலகத்தில், ஒலியை நீட்ட விரல் ஒன்றுதான் வழி. இந்தப் பயிற்சிகளைப் பெடல் தொடாமல் செய்யுங்கள்.

விரல் எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாக் 1720ல் தன் ஒன்பது வயது மகன் வில்ஹெல்ம் ஃபிரீடமனுக்காக ஒரு பயிற்சிக் கொப்பி தொடங்கினார். ஆரம்பத்திலேயே ஒரு சிறு துண்டுக்கு விரல் எண்கள் எழுதியிருக்கிறார். வலது கை ஸ்கேல் ஏறும்போது மூன்று, நான்கு, மூன்று, நான்கு என்று போகிறது! கட்டைவிரலை உள்ளே நுழைக்கும் நம் பழக்கம் அங்கே இல்லை. இன்னொரு மகன் கார்ல் ஃபிலிப் இமானுவேல் 1753ல் எழுதிய நூலில், தன் தந்தை இளைஞராக இருந்த காலத்தில் பெரிய வித்வான்கள்கூடக் கட்டைவிரலைத் தூரம் எட்டவேண்டிய இடங்களில் மட்டும்தான் பயன்படுத்தினார்கள் என்று அவர் சொல்லக் கேட்டதாகக் குறிப்பிடுகிறார். ஒரு வாரம் மூன்று-நான்கு என்று ஸ்கேல் வாசித்துப் பாருங்கள். சுரங்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து மூச்சு விடுவது கேட்கும். சோதனைக்கு அப்படி வாசிக்கச் சொல்லவில்லை. காதுக்காக.

முடிப்பையும் பழகுங்கள். இடது கை ஜி-யை நாலு எண்ணிக்கைக்குப் பிடித்து நிற்க, வலது கையின் உச்சியில் சி இரண்டு எண்ணிக்கைக்குத் தாங்கி நின்று, பி-க்கு இறங்கி, பிறகு இரண்டு கையும் சி-க்குப் போகும். இதை எல்லா ஸ்கேலிலும் தெரிந்து வைத்திருந்தால், குருவானவர் வாசலில் தெரிந்த நொடியில் அழகாக முடித்துவிடலாம். எனக்கு அது அன்றைக்குத் தெரிந்திருந்தால்!

வலது கையும் இடது கையும் மாறி மாறிப் பேசுவது அடுத்த கட்டம். நம் கடற்கரைகளில் கரைவலை இழுக்கிறவர்களின் அம்பாப் பாட்டு கேட்டிருக்கிறீர்கள்தானே? ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் ஏற்றுப் பாடுவார்கள். வலது கை ஈ, எஃப், ஈ, சி என்று கேட்டால், இடது கை கீழே அதையே திருப்பிச் சொல்லட்டும். பாக் 1723ல் தன் இன்வென்ஷன்கள் என்ற சிறு துண்டுகளின் முகப்பில், இரண்டு குரலையும் சுத்தமாக வாசிக்கப் பழகுவதோடு நல்ல கருத்துகளைக் கண்டடையவும் அவற்றை வளர்க்கவும் கற்றுக்கொள்ளத்தான் இவை என்று எழுதினார். நாம் அவற்றைச் சோதனைத் துண்டாக மட்டும் வாசிக்கிறோம்.

பெற்றோருக்கு இரண்டு விஷயம். பியானோ வாங்க வசதியில்லையே என்று பலர் என்னிடம் வருந்துவீர்கள். இந்த ஊரின் உப்புக் காற்றில் பியானோக் கம்பி துருப்பிடிப்பதும், மாரி மழையில் கட்டைகள் இறுகிப்போவதும் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டில் 61 கட்டைக் கீபோர்ட் இருக்கிறதா? அது ஐந்து எட்டகம் (ஆக்டேவ்). பாக்கின் நாற்பத்தெட்டு முன்னுரை-ஃபியூகுகளில் (ஃபியூகு என்பது ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றுப் பாடும் வகை) முதல் பாகம் முழுவதும் நான்கு எட்டகத்துக்குள் அடங்கிவிடும். அவர் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் இருந்த காலத்தில் நம் கோட்டையில் டச்சுக்காரர் இருந்தார்கள். அந்தக் காலத்து இசைக்கு உங்கள் வீட்டு மேசையில் இருப்பது தாராளமாகப் போதும்.

மற்றது, பிள்ளை தாளை விட்டுவிட்டுச் சும்மா தட்டிக்கொண்டிருந்தால் "ஒழுங்கா பாடத்தை வாசி" என்று அடுக்களையிலிருந்து குரல் கொடுக்காதீர்கள். சிறு வயதில் நான் ஒரு பாட்டில் ஒரே ஒரு சுரம் சேர்த்து வாசித்ததற்கு, எனக்குச் சொல்லித்தந்த ரீச்சர் பியானோ மூடியைச் சாத்திவிட்டார். அதற்குப் பிறகு நெடுங்காலம் ஒரு சுரமும் நான் சேர்க்கவில்லை. 1770ல் நேப்பிள்ஸ் பள்ளி ஒன்றைப் பார்க்கப்போன ஆங்கிலேயர் சார்ல்ஸ் பர்னி, ஒரே அறையில் ஏழெட்டு ஹார்ப்சிகார்டுகளும் அதைவிடக் கூடுதலான வயலின்களும் ஆளுக்கொரு பாட்டாக ஒலித்துக்கொண்டிருந்ததை எழுதிவைத்திருக்கிறார். அந்தச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து படித்த பிள்ளைகள்தான் தேவாலயங்களுக்கும் அரங்குகளுக்கும் இசை எழுதப் போனார்கள். நாளுக்குப் பதினைந்து நிமிடம் அந்தச் சத்தத்தை வீட்டில் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த எட்டுச் சுரம் அலுத்தபின் இன்னொரு எட்டு தருகிறேன்: ஜி, எஃப் ஷார்ப், ஈ, டி, பி, சி, டி, ஜி. இதன் மேல் பரோக் இசையமைப்பாளர் ஹேண்டல், அடிவரி திரும்பத் திரும்ப வரும் சாக்கோன் என்ற வகைத் துண்டு ஒன்றில் 62 மாறுபாடுகள் எழுதினார். இதே எட்டில் தொடங்கும் 32 சுரத்தின் மேல் பாக் 30 எழுதி 1741ல் அச்சிட்டார். அது அடுத்த வருடத்துக்கு.

இப்போது முன் வரிசையில் இருந்து யாராவது ஒரு பிள்ளை வாங்கோ. பயப்பட வேண்டாம், சோதனை இல்லை. இடது கையால் சி, ஜி, ஏ, ஈ, எஃப், சி, எஃப், ஜி, அவ்வளவுதான். மெதுவாக. நிறுத்தாமல் சுற்றிச் சுற்றி வாசியுங்கோ, நான் பக்கத்தில் உட்கார்ந்து வலது கை வாசிக்கிறேன். மூன்றாவது சுற்றில் கையை எடுத்துவிடுவேன். நாலாவது சுற்றில் மேலே என்ன வேண்டுமென்று நீங்கள் பாருங்கோ.