கோண உந்தமும் நம் மலைக்கு வேண்டிய ஆய்வுக்கூடமும்

(கொடைக்கானலில் நடந்த அறிவியல் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, மதிப்பிற்குரிய நகர்மன்ற உறுப்பினர்களே, பனியையும் பொருட்படுத்தாமல் மன்னவனூரிலிருந்து மாணவர்களை அழைத்து வந்திருக்கிற தலைமையாசிரியர் அம்மையார் அவர்களே, மண்டபத்தை வாடகையின்றித் தந்துதவிய வணிகர் சங்கச் செயலாளர் அவர்களே, பூம்பாறையிலிருந்தும் பண்ணைக்காட்டிலிருந்தும் வந்துள்ள பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். பெயர் விடுபட்ட பெரியோர்கள் பொறுத்தருள வேண்டுகிறேன்.

மூலக்கூறு அளவிலும் நானோ அளவிலும் இயங்கும் மின்னணுக் கருவிகளில், சுழலும் பொருளுக்கு உள்ள உந்தமாகிய கோண உந்தத்தின் பங்கு என்ன என்பதை மூன்று செய்திகளாகச் சொல்ல எண்ணியுள்ளேன்: எலக்ட்ரானின் தற்சுழற்சி, திருகிய மூலக்கூறுகள், ஒளி சுமந்து வரும் கோண உந்தம். மூன்றுக்கும் பொருந்துவது, நான் மேடைதோறும் சொல்லும் பழமொழிதான்: அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்.

எலக்ட்ரானுக்கு மின்னூட்டம் உண்டு என்பது பள்ளிப் பிள்ளைகள் அறிந்ததே. அதைப் போலவே கூட்டவோ குறைக்கவோ முடியாத ஒரு கோண உந்தமும் அதனிடம் இருக்கிறது. இதையே தற்சுழற்சி என்கிறோம். எத்திசையில் அளந்தாலும் மேல், கீழ் என இரண்டே விடைதான் கிடைக்கும். இதன் முதல் தடயம் 1922இல் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரில் கிடைத்தது. ஸ்டெர்ன், கெர்லாக் என்ற இருவர் வெள்ளியை உலையில் ஆவியாக்கி, சீரற்ற காந்தப்புலத்தின் வழியே அந்த அணுக்களைச் செலுத்தி, ஒரு தகட்டில் படியச் செய்தார்கள். தகட்டை வெளியே எடுத்தபோது கெர்லாக்கின் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அதை வாங்கிப் பார்த்த ஸ்டெர்ன் அருகில் வைத்து மூச்சுவிட, வெள்ளித் தடம் மெல்ல மெல்லக் கறுத்து எழுந்ததாம். காரணம் அவருடைய சுருட்டு! சம்பளம் குறைவு என்பதால் மலிவான சுருட்டையே புகைத்தார். அதிலிருந்த கந்தகம் வெள்ளியோடு கூடிக் கறுப்பாயிற்று என்று அவரே பின்னாளில் சொன்னார். இதை வெகுகாலம் கழித்துச் சோதித்துப் பார்த்தவர்கள், மூச்சு மட்டும் போதாது, புகையே தகட்டில் பட்டிருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார்கள். (மாணவர்கள் இதைச் சுருட்டுக்கான பரிந்துரையாகக் கொள்ள வேண்டாம்.)

இந்தக் கதையின் மறுபாதியைத்தான் செயலாளர் அவர்கள் கவனிக்க வேண்டும். அந்தச் சோதனைக்குப் பணமில்லை. பேராசிரியர் மாக்ஸ் பார்ன், ஊர் மக்களுக்கு ஐன்ஸ்டைனின் சார்பியல் பற்றி உரையாற்றி, நுழைவுக் கட்டணம் வசூலித்து ஆய்வகத்தை நடத்தினார். அதுவும் தீர்ந்த நிலையில், ஹென்றி கோல்ட்மன் என்ற நியூயார்க் வங்கியாளர் சில நூறு டாலருக்கு ஒரு காசோலை அனுப்பினார், சோதனை நின்றுபோகாமல் தப்பியது. அங்கே வெள்ளித் தடம் இரண்டாகப் பிரிந்ததற்குக் காரணம் எலக்ட்ரானின் தற்சுழற்சியே என்பது, 1925இல் ஊலன்பெக்கும் கௌட்ஸ்மிட்டும் அக்கருத்தை முன்வைத்த பிறகே விளங்கியது. இன்று எத்தனையோ கருவிகளுக்கு அடிப்படையான ஒரு செய்தி, ஒரு வணிகரின் கையெழுத்தால் வெளிவந்தது என்றால் மிகையாகாது.

1996இல் ஸ்லோன்செவ்ஸ்கி, பெர்கர் என்ற இரு இயற்பியலாளர்கள் தனித்தனியே ஒன்றைக் கணித்தார்கள். தற்சுழற்சி ஒருமுகப்பட்ட, அதாவது ஒரே திசையில் அணிவகுத்த, எலக்ட்ரான்களை நானோ அளவிலான காந்தப் படலத்துக்குள் செலுத்தினால், ஒவ்வொன்றும் தன் கோண உந்தத்தைப் படலத்திடம் கொடுத்துத் தள்ளும். ஓர் எலக்ட்ரானின் தள்ளல் பொருட்டாகாது, கோடிக்கணக்கில் சேரும்போது காந்தத்தின் திசையே புரண்டுவிடும். அடிமேல் அடி, அம்மி நகர்கிறது! மின்சாரம் நின்றாலும் மறக்காத காந்த நினைவகச் சில்லுகள் பல இன்று இம்முறையில்தான் எழுதப்படுகின்றன.

மூலக்கூறுகளிடம் வருவோம். 1999இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தைச் சேர்ந்த ரான் நாமன் குழுவினர், வலக்கை இடக்கை போல ஒன்றுக்கொன்று ஆடிப் பிம்பமான மூலக்கூறுகளில் ஒரு வகையாலான படலத்தின் வழியே எலக்ட்ரான்களை அனுப்பினார்கள். ஒரு தற்சுழற்சி எளிதாகக் கடந்தது, மற்றது தடைப்பட்டது. திருகுப் படிக்கட்டு வடிவிலான டி.என்.ஏ. இழைகளைத் தங்கத்தின்மேல் நிறுத்திச் செய்த சோதனையில், சாதாரண அறை வெப்பநிலையிலேயே 60 விழுக்காட்டுக்கு மேல் தற்சுழற்சி ஒருமுகப்பட்டதாக 2011இல் அறிவித்தார்கள். காந்தமே இல்லாத கரிமப் பொருள் காந்த வடிகட்டியின் வேலையைச் செய்கிறது. கார்பன் போன்ற இலேசான அணுக்களில் தற்சுழற்சிக்கும், எலக்ட்ரான் அணுக்கருவைச் சுற்றும் இயக்கத்துக்கும் உள்ள பிணைப்பு மிகச் சிறியது, விளைவோ பெரியது. இந்த இடைவெளியை நிரப்பும் கோட்பாடு இன்னும் முடிவாகவில்லை. நம் மாணவருள் ஒருவருக்கு அந்த வேலை காத்திருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் அவர் எங்கே பயிற்சி பெறுவார்? 1899இல் நிறுவப்பட்ட கதிரவ ஆய்வகம் உள்ள ஊர் இது. 1909இல் வானியலாளர் எவர்ஷெட் கதிரவனின் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்த மலை இது. இங்கே மேல்மலைப் பிள்ளைகள் பஸ் பிடித்து வந்து தாங்களே தொட்டுச் செய்து பார்க்க, வார இறுதியில் திறந்திருக்கும் பொது ஆய்வுக்கூடம் வேண்டும் என்று பலமுறை மனுக் கொடுத்துவிட்டோம். நாங்கள் கேட்பது கம்பிச்சுருள், அம்மீட்டர், சிறு லேசர், ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தளவிளைவுத் தகடுகள், பூட்டில்லாத ஓர் அறை. மீண்டும் கேட்போம், அம்மி நகரும்.

ஒளியின் கோண உந்தம் பற்றி, குறிப்பாக நம் நாட்டு இயற்பியலாளர்கள் சி.வி. ராமனும் பகவந்தமும் 1931இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிச் சொல்லத் தலைவர் அவர்களின் கடிகாரம் இடம் தரவில்லை. அதற்கு ஈடாகப் பின்வரிசை மேசையில் இரண்டு தளவிளைவுத் தகடுகளும் இரண்டு கண்ணாடிக் குழாய்களும் வைத்திருக்கிறோம். கரும்புச் சர்க்கரைக் கரைசல் ஒளியின் அதிர்வுத் தளத்தை வலப்பக்கம் திருப்பும். நம் மலைத்தேன் கரைசல் பொதுவாக இடப்பக்கம் திருப்பும். நன்றியுரை முடிந்ததும் மாணவர்கள் முதலில் பார்க்கட்டும். மனுத்தாளும் அதே மேசையில்தான் இருக்கிறது, பெரியவர்கள் வரிசையில் நின்று கையெழுத்திடலாம்.