தோசை திருப்புறதும் ஜெபமா? ஒரு நொண்டிச் சமையல்காரரோட கதை

[திரையில்: அடுப்பு, தோசைக்கல், மாவு ஊத்துற கை]

சொய்ங்ங்ங்... கேக்குதா? கல்லுல மாவு விழுற சத்தம். இதுவும் ஆராதனைதான்னு ஒருத்தர் சொன்னார். அவர் பிஷப்பும் இல்ல, பாஸ்டரும் இல்ல. சமையல்காரர். அதுலயும் ஒரு கூத்து இருக்கு, அவருக்குச் சமையல் வேலையே பிடிக்காது!

ஸ்தோத்திரம் மக்களே.

நம்ம ஞாயித்துக்கிழமைய எடுத்துக்கோங்க. தேய்ச்ச சட்டை, ஜிப் வச்ச பைபிள் கவர், கண்ண மூடி ஒரு பாமாலை. சர்ச் ஐயர் ஆசீர்வாதம் சொல்லி அஞ்சு நிமிஷம் ஆகியிருக்காது, "எவன்டா என் பைக்குக்குக் குறுக்க கார நிறுத்துனது?" கோயில் வாசல்லயே சத்தம். வேற யாரையும் சொல்லல, போன மாசம் கத்துனது நான்தான். கார்க்காரர் யாருன்னு பாத்தா, அன்னைக்கு வேதபாடம் வாசிச்ச அண்ணன். ரெண்டு பேரும் தலையச் சொறிஞ்சிட்டுப் போனோம்.

ஞாயித்துக்கிழமையே இந்த லட்சணம்னா, திங்கள்ல இருந்து சனி வரைக்கும்? இந்தக் கேள்வியோட தேடும்போதுதான் இந்த ஆள் மாட்டினார்.

வரலாற வேகமா முடிச்சிடுறேன். பேரு நிக்கோலா எர்மான். 1614 வாக்குல, இன்னைக்குப் பிரான்ஸோட கிழக்குல இருக்கிற லொரேன் பக்கம் ஏழை வீட்டுல பிறந்தார். 18 வயசுல, குளிர்காலத்துல இலையெல்லாம் கொட்டி நின்ன ஒரு மரத்தப் பாத்து, "இது மறுபடி துளிர்க்கும்ல"ன்னு நினைச்சதுல கடவுள் மேல மனசு திரும்புச்சு. அப்போ ஐரோப்பாவுல நடந்த முப்பதாண்டுப் போர்ல சிப்பாய், அடிபட்டு கால் நொண்டி. ஒரு பெரிய மனுஷர் வீட்டுல எடுபிடி. 1640-ல பாரிஸ்ல, கார்மேல்ங்கிற கத்தோலிக்கத் துறவிகள் சபையோட மடத்துல சேர்ந்து சகோதரர் லாரன்ஸ் ஆனார். குருப்பட்டம் வாங்கல, துணைச் சகோதரர்தான். கொடுத்த வேலை சமையல்கட்டு. முடிஞ்சது வரலாறு.

எடுபிடியா இருந்த காலத்தப் பத்தி அவரே என்ன சொல்லிக்கிட்டார் தெரியுமா? எதத் தொட்டாலும் உடைக்கிற தடிமாடுன்னு! மடத்துல சேர்ந்தா இந்தத் தடுமாற்றத்துக்கெல்லாம் தோல உரிப்பாங்க, அதையே கடவுளுக்குக் காணிக்கையா வச்சிடலாம்னு கணக்குப் போட்டு வந்தாராம். "ஆனா ஆண்டவர் என்ன ஏமாத்திட்டார், இங்க எனக்குச் சந்தோஷம் மட்டும்தான் கிடைக்குது"ன்னு பின்னாடி சொல்லியிருக்கார். இப்படி ஒரு புகார யாராவது சாட்சி சொல்ற நேரத்துல எந்திரிச்சுச் சொல்லிக் கேட்டிருக்கீங்களா?

சரி, எனக்கு ரொம்பப் பிடிச்ச இடத்துக்கு வாங்க. பீப்பாய்!

ஒரு தடவ மடத்துக்குத் திராட்சரசம், அதாவது வைன், வாங்கிட்டு வரச் சொல்லி இவர பர்கண்டிங்கிற பகுதிக்கு அனுப்புறாங்க. (உபவாச ஜெபக் குழு நண்பர்களே, 17-ம் நூற்றாண்டு பிரான்ஸ், கமெண்ட்ல சண்ட வேண்டாம்.) இவருக்கு வியாபாரம் தெரியாது, பேரம் பேச வராது. கால் வேற நொண்டி. படகுல நிறையப் பீப்பாய் அடுக்கியிருக்கு, நடந்து போக வழி இல்ல. இவர் என்ன பண்ணார்? பீப்பாய் மேல படுத்து உருண்டார். ஆமா, உருண்டே போனார்! இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் போகணும்னா ஒரு உருளல், திரும்பி வரணும்னா இன்னொரு உருளல். ஆன்மீகப் பெரியவர்னு சொன்னா நம்ம மனசுல ஒரு படம் வரும்ல, ஒளிவட்டம், மேல பாத்த கண்ணு? அதத் தூக்கி வச்சிட்டு இந்தப் படத்த வைங்க. அங்கியோட ஒரு மனுஷன் பீப்பாய் மேல பரோட்டா மாவு மாதிரி உருளுறார்.

[திரையில்: உருளும் பீப்பாய் அனிமேஷன். எடிட்டர் தம்பி, ரெண்டு தடவ போடு]

அந்த வேலையப் பத்தி அவருக்குக் கவல இல்ல. "ஆண்டவரே, இது உம்ம வேலை"ன்னு சொல்லிட்டுப் போனார், முடிச்சிட்டு வந்து பாத்தா நல்லாவே நடந்திருந்துச்சு. நாம கன்வென்ஷன் நல்லா நடக்கணும்னு முழு ராத்திரி ஜெபம் வைப்போம். ஜிஎஸ்டி தாக்கல் பண்ணும்போது "ஆண்டவரே, இது உம்ம வேலை"ன்னு சொல்லிட்டு உண்மையான கணக்க எழுதுனவங்க எத்தன பேர்? கைய தூக்க வேண்டாம், வீட்ல யாராவது பாத்துடுவாங்க.

அடுத்து ஆம்லெட். சட்டில சின்ன ஆம்லெட்டத் திருப்பிப் போடுறதக் கூடக் கடவுள் மேல இருக்கிற அன்புக்காகச் செய்றேன்னார். அது முடிஞ்சு வேற வேலை இல்லன்னா, தரைல விழுந்து கும்பிடுவேன். வேற ஒண்ணும் செய்ய முடியலன்னா, கீழ கிடக்கிற ஒரு துரும்ப எடுத்துப் போட்டாக் கூடப் போதும்னார். நாலு பேர் நாலு சாமான் கேட்டுக் கத்துற சமையல்கட்டுலயும், நற்கருணை முன்னாடி முழங்கால்ல நிக்கிற அதே அமைதி இருக்குன்னும் சொன்னார். கார்மேல் சபைல இவர் இருந்த பிரிவ உண்டாக்குன அவிலா தெரேசா அம்மாளும் முந்தின நூற்றாண்டுலயே, சட்டி பானைக்கு நடுவுலயும் ஆண்டவர் நடமாடுறார்னு எழுதி வச்சிருந்தாங்க.

நம்ம பைபிள்ல கொலோசெயர் 3-ம் அதிகாரத்துல "எதைச் செய்தாலும், அதை மனுஷர்களுக்கென்று செய்யாமல், கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்"னு இருக்கே, காலண்டர்லயும் ஸ்கூல் சுவத்துலயும் பாத்திருப்பீங்க. அது யாருக்குச் சொன்னது? கொஞ்சம் மேல பாத்தா "வேலைக்காரரே"ன்னு ஆரம்பிக்கும். அந்தக் காலத்து அடிமைங்க. எஜமான் பாக்கும்போது மட்டும் ஓடி ஓடிச் செய்றதுக்கு நம்ம மொழிபெயர்ப்புல ஒரு அருமையான பேரு, "பார்வைக்கு ஊழியஞ்செய்தல்". மேனேஜர் வந்தா எக்செல், போனா ரீல்ஸ். அதேதான்.

இங்க ஒரு விஷயத்த நான் சொல்லியே ஆகணும். இந்தக் கதைய எடுத்துட்டுப் போய், "பாத்தியா, அடுப்படிதான் உன் ஆலயம்"னு வீட்டுப் பொம்பளைங்ககிட்ட பிரசங்கம் பண்ற அண்ணன்களே, நில்லுங்க. லாரன்ஸ் ஆம்பள. கரண்டி பிடிச்சது அவர் கை. அக்கா தங்கச்சிங்க ஏற்கெனவே சட்டி பானையோடதான் நிக்கிறாங்க, அவங்களுக்கு இந்த வீடியோ தேவையே இல்ல. சர்ச்ல நடக்கிற அசன விருந்துக்கு அண்டா கழுவ எத்தன ஆம்பளைங்க நிக்கிறோம்?

இன்னொண்ணு. இது அவருக்கு ஒரே நாள்ல வரல. முதல் பத்து வருஷம் ரொம்பக் கஷ்டப்பட்டேன்னு அவரே ஒரு கடிதத்துல எழுதியிருக்கார். தப்புப் பண்ணிட்டா? "நீர் என்ன விட்டுட்டா நான் இப்படித்தான் பண்ணுவேன்"னு ஆண்டவர்கிட்டயே சொல்லிட்டு எந்திரிச்சு அடுத்த வேலையப் பாப்பாராம். மூணு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சிட்டுத் திரியுற வேலையெல்லாம் கிடையாது. எனக்கு இதுதான் பெரிய விஷயம், ஆம்லெட் கூட ரெண்டாவதுதான்.

சமையல்கட்டுல 15 வருஷம் ஆனப்புறம், கால் வலியால உக்காந்து செய்ற வேலைக்கு மாத்துனாங்க. செருப்புத் தைக்கிற வேலை. அவர் இருந்த கார்மேல் பிரிவோட பேருல "டிஸ்கால்ஸ்ட்"னு ஒரு வார்த்தை வரும், அதுக்கு அர்த்தமே "காலணி அணியாதவங்க"! ஷூ போட மாட்டாங்க, வார்ச்செருப்பு போடுவாங்க, அதுதான் கணக்காம். 1691-ல இறந்தார். அவர் பேச்சையும் கடிதங்களையும் ஒரு குரு தொகுத்து வெளியிட்டார். கத்தோலிக்க மடத்துச் சமையல்காரர் சொன்னத, மெத்தடிஸ்ட் இயக்கத்த ஆரம்பிச்ச புராட்டஸ்டன்ட் போதகர் ஜான் வெஸ்லி தன் புத்தக வரிசைல எடுத்துப் போட்டார். ஆர்சி, சிஎஸ்ஐ, பெந்தெகொஸ்தேன்னு கீழ சண்ட போடப் போறவங்க, அத மனசுல வச்சிட்டு டைப் பண்ணுங்க.

நானும் ஒரு வாரம் முயற்சி பண்ணேன். எனக்குச் சுத்தமாப் பிடிக்காத வேலை, ராத்திரி தோசைக்கல் தேய்க்கிறது. திங்கள், "ஆண்டவரே, இது உமக்கு"ன்னு பளபளன்னு தேய்ச்சேன். செவ்வாய், பாதியில போன் வந்துச்சு, மறந்துட்டேன். புதன், தேய்ச்சேன், ஆனா முணுமுணுத்துக்கிட்டே. வியாழன் அம்மா கல்லத் திருப்பிப் பாத்துட்டு, "ஏலே, அடிப்பக்கம் யார் தேய்ப்பா?"ன்னாங்க.

உங்களுக்குப் பிடிக்காத வேலை எது? கமெண்ட்ல போடுங்க, சப்ஸ்கிரைப் பண்ணாதவங்க பண்ணிடுங்க. நான் போறேன், இந்தக் கல் இன்னும் அப்படியே கிடக்கு.