ஈஎம்சி2-வும் லினக்ஸ்சிஎன்சியும் ஒண்ணா? பழைய நாலு ஆக்சிஸ் கம்பி மெஷினைப் புது வெர்ஷனுக்கு மாத்துறது எப்படி? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வந்திருக்கற கேள்வி கொஞ்சம் நீளமா இருக்கு, சுருக்கிச் சொல்றேன். தெர்மோகோல் வெட்டுற நாலு ஆக்சிஸ் சூட்டுக் கம்பி மெஷின் ஒருத்தர்கிட்ட இருக்கு. எக்ஸும் ஒய்யும் இடது தூண்ல, யுவும் வியும் வலது தூண்ல, நடுவுல நிக்ரோம் கம்பி. பழைய கம்ப்யூட்டர்ல மெஷினோட மோட்டார்களை ஓட்டுற சாஃப்ட்வேரான ஈஎம்சி2, வெர்ஷன் 2.4 ஓடுது. அவர் கேட்கிறது மூணு விஷயம். ஈஎம்சி2-வும் லினக்ஸ்சிஎன்சியும் ஒண்ணா, வேற வேறயா? பழைய கான்ஃபிக்கை (மெஷின் செட்டிங்ஸ் ஃபைல்களை) அப்படியே புது வெர்ஷன்ல போட்டா ஓடுமா? ஏரோமாடல் ரெக்கை வெட்டும்போது ஒரு முனை ஒழுங்கா வருது, இன்னொரு முனையில கம்பி பின்தங்கி வில்லு மாதிரி வளையுது, அது ஏன்?

முதல் கேள்விக்குப் பதில்: ரெண்டும் ஒண்ணுதான். அமெரிக்க அரசோட நிஸ்ட் நிறுவனம் 1990கள்ல எழுதின கன்ட்ரோலர் அது. என்ஹான்ஸ்டு மெஷின் கன்ட்ரோலர்ங்கறதோட சுருக்கம்தான் ஈஎம்சி. அரசு எழுதினதால பொதுச் சொத்தா வெளிய வந்துச்சு, அப்புறம் தன்னார்வலர்கள் எடுத்து வளர்த்து ஈஎம்சி2 ஆக்கினாங்க. அப்புறம் ஏன் பேரு மாறிச்சு? டேட்டா ஸ்டோரேஜ் விக்கிற ஈஎம்சி கார்ப்பரேஷன்னு ஒரு கம்பெனி இருந்துச்சு, 2016-ல டெல்லோட சேர்ந்துச்சே, அதுதான் காரணம். ஈஎம்சிங்கற பேரு அவங்களோட பதிவு செஞ்ச டிரேட்மார்க். 2011-ல அவங்க சார்பா ஒரு வக்கீல் நிறுவனம் இந்தப் புராஜெக்டோட நிர்வாகக் குழுவைத் தொடர்பு கொண்டுச்சு. பேசி முடிச்சு, அடுத்த பெரிய வெர்ஷன்லேர்ந்து ஈஎம்சிங்கற பேரை விட்டுடறதா ஒத்துக்கிட்டாங்க. வெப்சைட்டுக்கு ஏற்கெனவே லினக்ஸ்சிஎன்சின்னுதான் பேரு, அதையே சாஃப்ட்வேருக்கும் வெச்சாங்க. லினக்ஸ்ங்கறதும் டிரேட்மார்க்தான், அதனால லினக்ஸ் ஃபவுண்டேஷன்கிட்ட அதுக்கும் அனுமதி வாங்கினாங்க. 2012-ல வந்த 2.5-லேர்ந்து புதுப் பேரு.

இதுல ஒண்ணு கவனிங்க. ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ் உங்களுக்குத் தர்றது கோடு (சாஃப்ட்வேரை எழுதின புரோகிராம் வரிகள்) மேல உள்ள உரிமை, பேரு மேல இல்ல. கோட்ல யாருக்கும் எந்தத் தகராறும் கிடையாது, பேருக்குத்தான் தகராறு. நீங்களே இதை மாத்தி எழுதி மெஷினோட சேர்த்து வித்தாலும் இதே கதைதான்: லைசென்ஸ்படி கோடைக் கொடுக்கலாம், ஆனா பேரு வைக்கிறதுக்கு முன்னாடி தேடிப் பார்த்துடுங்க.

பேரு மாறினதால கம்ப்யூட்டர்ல என்ன மாறுது? ஈஎம்சின்னு அடிச்சு ஸ்டார்ட் பண்ணின கட்டளை லினக்ஸ்சிஎன்சி ஆயிடுச்சு. உங்க ஹோம் ஃபோல்டர்ல ஈஎம்சி2-ன்னு இருந்த டைரக்டரியும் அப்படியே மாறிடுச்சு. பைதான்ல சொந்தமா ஸ்கிரிப்ட் எழுதி வெச்சிருந்தா, 'இம்போர்ட் ஈஎம்சி'ங்கற வரியை 'இம்போர்ட் லினக்ஸ்சிஎன்சி'ன்னு நீங்களேதான் மாத்தணும். மாறாதது எதுன்னா, மெஷின் செட்டிங்ஸ் எழுதி வெக்கிற ஐஎன்ஐ ஃபைல்ல இருக்கற ஈஎம்சி, ஈஎம்சிமாட் தலைப்புகள். பழைய பேரு விட்டுப்போச்சுன்னு நெனச்சு அதைத் திருத்தினா மெஷின் ஸ்டார்ட்டே ஆகாது. அதுல கை வைக்காதீங்க.

சரி, ரெண்டாவது கேள்வி. பழைய கான்ஃபிக் அப்படியே ஓடாது. ஆனா அதுக்குக் காரணம் பேரு இல்ல, 2020-ல வந்த 2.8. அதுல ஜாயின்ட்டையும் ஆக்சிஸையும் பிரிச்சுட்டாங்க. ஜாயின்ட்னா மோட்டார், ஆக்சிஸ்னா ஜி-கோடுல (மெஷினுக்குக் கொடுக்கற கட்டளை வரிகள்ல) வர்ற எழுத்து. முன்னாடி ரெண்டும் ஒண்ணாக் கிடந்துச்சு: எக்ஸ்னா 0, ஒய் 1, இசட் 2, ஏ பி சி 3, 4, 5, யு 6, வி 7, டபிள்யூ 8. எண்ணும் எழுத்தும் ஒட்டியே இருக்கும். அதனால உங்க பழைய ஃபைல்ல நாலு மோட்டாருக்கு ஆக்சிஸ் 0, 1, 6, 7-ன்னு இருக்கும், நடுவுல ஒரு பள்ளம். புதுசுல அந்தப் பள்ளம் தேவையில்ல. ஐஎன்ஐ ஃபைல்ல கின்ஸ் தலைப்புக்குக் கீழ ஜாயின்ட்ஸ் = 4, கினமேட்டிக்ஸ் = ட்ரிவ்கின்ஸ் கோஆர்டினேட்ஸ்=எக்ஸ்ஒய்யுவின்னு போடணும். கோஆர்டினேட்ஸ் பகுதியில இடைவெளி விடாம சேர்த்து எழுதுங்க. இப்ப ஜாயின்ட் 0 எக்ஸ், 1 ஒய், 2 யு, 3 வி.

பழைய ஐஎன்ஐயைப் புது வெர்ஷன்ல திறந்தீங்கன்னா, மாத்தட்டுமான்னு கேட்டு அப்டேட்-ஐஎன்ஐங்கற கருவி ஓடும். மூணு ஆக்சிஸ் ரூட்டர்னா அது மாத்திக் கொடுக்கறதே போதும். உங்களுது மாதிரி எழுத்து தாவிப் போற மெஷினுக்கு அதை நம்பாதீங்க, ஹால் ஃபைலை, அதாவது மோட்டார், பின் எல்லாத்தையும் சாஃப்ட்வேரோட இணைக்கற ஃபைலைத் திறந்து வரி வரியா பாருங்க. பழைய ஆக்சிஸ்.6 மோட்டார்-பாஸ்-சிஎம்டி, இனிமே ஜாயின்ட்.2 மோட்டார்-பாஸ்-சிஎம்டி. ஆக்சிஸ்.7 இருந்த இடத்துல ஜாயின்ட்.3. ஸ்டெப்ஜென் (மோட்டாருக்கு ஸ்டெப் சிக்னல் உண்டாக்கற பகுதி) எண்களையும் பேரலல் போர்ட் பின்களையும் தொடவே வேண்டாம், மோட்டார் வயர் எங்கேயும் இடம் மாறல. நடுவுல இருக்கற இணைப்பு மட்டும்தான் மாறுது. ஐஎன்ஐல ஜாயின்ட் 0 முதல் 3 வரை தனித்தனித் தலைப்பு, அது போக ஆக்சிஸ் எக்ஸ், ஒய், யு, வின்னு இன்னும் நாலு தலைப்பு. லிமிட், வேகம், ஆக்சிலரேஷன் ரெண்டு இடத்துலயும் வேணும்.

'ஜாயின்ட் 2 ஃபாலோயிங் எரர்'னு, அதாவது சொன்ன இடத்துலேர்ந்து ஜாயின்ட் ரொம்பப் பின்தங்கிடுச்சுன்னு வந்தா உடனே மோட்டாரைச் சந்தேகப்படாதீங்க. ஸ்டெப்ஜென்-மேக்ஸ்ஆக்செல்லும் ஜாயின்ட்டோட மேக்ஸ்-ஆக்சிலரேஷனும் ஒரே எண்ணா இருக்கான்னு பாருங்க. ஸ்டெப்ஜென் பக்கம் 10, 20 சதவீதம் கூட இருக்கணும். அந்த இடைவெளி இல்லாட்டி, கொஞ்சம் பின்தங்கினதைப் பிடிக்க அதுக்கு வலு இருக்காது.

புது லினக்ஸ்சிஎன்சி 2.9, டெபியன் 12 மேல, நேரம் தவறாம வேலை செய்யறதுக்கான ப்ரீஎம்ப்ட்-ஆர்டி கெர்னலோட வருது. பழைய ஆர்டிஏஐ கெர்னல் அளவுக்கு லேட்டன்சி (வேலை தொடங்கறதுல வர்ற தாமதம்) இறுக்கமா இருக்காது. லேட்டன்சி-டெஸ்ட்டை ஓடவிட்டு, கூடவே வீடியோ, ஃபைல் காப்பின்னு கம்ப்யூட்டரை நல்லா திணறடிச்சு, மேக்ஸ் ஜிட்டரை, அதாவது அந்த நேரம் அதிகபட்சம் எவ்வளவு தவறுதுங்கறதைக் குறிச்சுக்கோங்க. 20 மைக்ரோசெகண்டுக்குள்ள இருந்தா ரொம்ப நல்லது. 100-க்கு மேல போனா பேரலல் போர்ட் ஸ்டெப்பிங்குக்கு அந்தக் கம்ப்யூட்டர் ஆகாது, ஸ்டெப் சிக்னலைத் தானே உண்டாக்கற மெசா கார்டு மாதிரி ஏதாவது வாங்கித்தான் ஆகணும். ஆனா கம்பி மெஷின் மெதுவான மெஷின். 200 ஸ்டெப் மோட்டார், 8 மைக்ரோஸ்டெப், 5 மி.மீ. லீட் ஸ்க்ரூன்னா மி.மீ.க்கு 320 ஸ்டெப். பேஸ் பீரியட் (ஸ்டெப் வேலை திரும்பத் திரும்ப ஓடற இடைவெளி) 100 மைக்ரோசெகண்ட்னே வெச்சாலும், ரெண்டு பீரியடுக்கு ஒரு ஸ்டெப், அதாவது நொடிக்கு 5000 ஸ்டெப். நிமிஷத்துக்கு 930 மி.மீ. சொச்சம் வரும். தெர்மோகோல் வெட்ட அதுவே தாராளம். ரூட்டர் வெச்சிருக்கறவங்களுக்கு இந்தக் கணக்கு ஒத்து வராது.

இப்ப மூணாவது. இதுக்குத்தான் நேரம் எடுத்துச் சொல்லணும், ஏன்னா நிறையப் பேரு கம்பியோட சூட்டைக் கூட்டியும் குறைச்சும் பார்த்து வாரக்கணக்குல அல்லாடறது இதுலதான்.

லினக்ஸ்சிஎன்சில எஃப்னு போடற வேகம் யாரோட வேகம்? எக்ஸ், ஒய், இசட்ல ஏதாவது ஒண்ணு நகர்ந்தாலும் எஃப் அந்த மூணுக்கு மட்டும்தான். மத்த எழுத்தெல்லாம் கூடவே கிளம்பி கூடவே போய்ச் சேரணும், அவ்வளவுதான். அது எவ்வளவு வேகத்துல ஓடுதுன்னு எஃப் பார்க்காது. எக்ஸ் ஒய் இசட் மூணும் நின்னு, யு வி மட்டும் நகர்ந்தாத்தான் எஃப் யு வியோட வேகம்.

ஒரு ரெக்கையை எடுத்துக்குவோம். ரூட் (உடம்போட ஒட்டற முனை) அகலம் 240 மி.மீ., டிப் (நுனி) அகலம் 120 மி.மீ., பிளாக் நீளம் 600. தூணுக்குத் தூண் 1000 மி.மீ. பிளாக்கை நடுவுல வெச்சா ரெண்டு பக்கமும் 200 இடைவெளி. மேல் பக்கத்தை நேர்கோடா வெச்சுக் கணக்குப் போடுவோம். 600 மி.மீ.ல 120 குறையுது, அதாவது மி.மீ.க்கு 0.2. ரூட்லேர்ந்து தூண் 200 தள்ளி இருக்கறதால ரூட் பக்கத் தூண் 240-ஓட 40 சேர்ந்து 280 ஓடணும். டிப் பக்கத் தூண் 120-ல 40 போக 80 ஓடணும். பாருங்க, பிளாக்ல வித்தியாசம் ரெண்டு மடங்குதான், தூண்ல மூணரை மடங்கு.

இப்ப எக்ஸ் ஒய் தூண் டிப் பக்கம் இருக்கு, நீங்க எஃப்300 போடறீங்க. 80 மி.மீ.யை 300-ல ஓடினா 16 நொடி. அதே 16 நொடியில எதிர்த் தூண் 280 ஓடியாகணும், அதாவது நிமிஷத்துக்கு 1050. ரூட் முகத்துல கம்பி 900-ல போகுது. உருக்க நேரமே இல்லாம கம்பி நுரையை மோதித் தள்ளிக்கிட்டே போகும், அதான் வில்லு மாதிரி வளையறது. டிப் முகத்துலயும் 300 இல்ல, 450. நீங்க போட்ட 300 பிளாக்ல எந்த இடத்துலயும் இல்ல.

பாதித் தீர்வு: பிளாக்கைத் திருப்பிப் போட்டு ரூட்டை எக்ஸ் ஒய் பக்கம் கொண்டுவாங்க. வேகம் எகிறாது. முழுத் தீர்வு ஜி93, இன்வர்ஸ் டைம். அதுல எஃப்னா வேகம் இல்ல, நேரம். ஒரு வரி எத்தனை நிமிஷத்துல முடியணுமோ அதைத் தலைகீழாப் போடணும். ரூட் முகத்துல 2 மி.மீ. துண்டு, அங்க 300 வேகம் வேணும்னா, 2-ஐ 300-ஆல வகுத்து, 1-ஐ அதால வகுங்க: எஃப்150. எந்தத் தூண் எவ்வளவு ஓடினாலும் ரூட் முகத்துல 300 கிடைக்கும். ஜி93-ல ஒவ்வொரு ஜி1 வரியிலயும் எஃப் கட்டாயம், ஒரு வரியில விட்டாலும் எரர். ஜி-கோடு எழுதித் தர்ற கேம் சாஃப்ட்வேர்ல இன்வர்ஸ் டைம் அவுட்புட் இருக்கான்னு பாருங்க. முடிச்சதும் சாதாரண வேக முறைக்குத் திரும்ப ஜி94 போட்டு எஃப்பையும் புதுசாக் கொடுத்துடுங்க.

இதுக்கப்புறமும் டிப் கொஞ்சம் ஒல்லியா வரும். அங்க கம்பி பாதி வேகத்துல, 150-ல போகுது. மெதுவாப் போற இடத்துல அதிகமா உருகும், வெட்டு அகலமாகும். அதனால கெர்ஃப் ஆஃப்செட் (வெட்டு அகலத்துக்காகக் கம்பியைத் தள்ளி ஓட்டற அளவு) ரெண்டு முகத்துக்கும் ஒண்ணா இருக்கக் கூடாது. ஒரே சூட்டுல 300-லயும் 150-லயும் துண்டுத் துண்டா வெட்டி, வெர்னியர்ல அளந்து, ரெண்டு எண்ணையும் தனித்தனியாக் கொடுங்க. ரெக்கை முழுக்க குறுக்கால வரி வரியாத் தழும்பு இருந்தா அது வேற விஷயம், ஜி61.1-ல ஓடுது. ஒவ்வொரு புள்ளியிலயும் கம்பி கண நேரம் நின்னு சுடுது. ஜி64 பி0.1 போட்டா போயிடும்.

கம்பி நீளத்தைப் பத்தி சாஃப்ட்வேருக்கு எதுவும் தெரியாது, லிமிட் ஒவ்வொரு ஆக்சிஸுக்கும் தனித்தனிதான். எக்ஸும் யுவும் 400 மி.மீ. விலகினா, 1000 மி.மீ. கம்பிக்கு 1077 வேணும். அந்த 77-ஐ ஸ்பிரிங்கோ எடைக்கல்லோ கொடுக்கணும், இல்லாட்டி கம்பி அறுந்துடும். ஹோமிங்லயும் (மோட்டார்களைத் தொடக்க இடத்துக்குக் கொண்டுபோறதுலயும்) இதே ஆபத்து இருக்கு: ஹோம்-சீக்வென்ஸ்ல ஒய், வி ரெண்டுக்கும் 1, எக்ஸ், யு ரெண்டுக்கும் 2 கொடுத்தா ஜோடி ஜோடியா கிளம்பும். ஒரு பீமை ரெண்டு மோட்டார் தள்ளுற கேண்ட்ரியா இருந்தா ரெண்டு ஜாயின்ட்டுக்கும் மைனஸ் எண், -1-ன்னு போடணும். ஹோம் ஆகறதுக்கு முன்னாடி ஒரு மோட்டாரை மட்டும் நகர்த்தி பீமைக் கோணவிடாம அது தடுக்கும். கம்பி மெஷினுக்கு பிளஸே வெச்சுக்கோங்க, சாய்ஞ்சு நிக்கற தூணைத் தனியா நகர்த்தி நேராக்க வேண்டி வரும்.

கடைசியா சூடு. பழைய ஹால்ல மோஷன்.ஸ்பிண்டில்-ஆன் வழியா ரிலேயைப் போட்டிருப்பீங்க, 2.8-லேர்ந்து அது ஸ்பிண்டில்.0.ஆன். எம்3 (ஆன்) போட்டா ரிலே விழுதா, எம்5 (ஆஃப்) போட்டா விடுதான்னு கம்பியைக் கழட்டி வெச்சுட்டுப் பாருங்க. கம்பிக்குப் போற சப்ளையை எமர்ஜென்சி ஸ்டாப் சுவிட்ச் வழியா நேரா வயர்லயே வெட்டுற மாதிரி இழுத்துடுங்க, சாஃப்ட்வேரை மட்டும் நம்பி விடாதீங்க. நின்ன இடத்துலயே சிவந்துக்கிட்டு இருக்கற கம்பி தெர்மோகோலைப் பத்த வெச்சிடும்.