அம்மியும் நகரும்: குளத்துப்புழைக் கூட்டத்தில் பேசியது

தலைமை ஏற்றிருக்கும் பஞ்சாயத்து உறுப்பினர் அவர்களே, புனலூரிலிருந்து கோர்ட்டு வேலையை ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் வழக்கறிஞர் அம்மா அவர்களே, வாசகசாலையைத் திறந்துவிட்ட செயலாளர் அவர்களே (மலையாளியான அவர் நம் கூட்டத்துக்கு ஒருநாளும் வாடகை கேட்டதில்லை, பலமாகக் கைதட்டுங்கள்), ஆயிரநல்லூரிலிருந்து ஜீப்பில் வந்திறங்கிய தொழிற்சங்கத் தோழர்களே, ரப்பர் பால்வெட்டு முடிந்த கையோடு வந்திருக்கும் அக்காமார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து இந்தக் கேரளத்துக்கு வந்து சேர்ந்த தமிழர்கள் நாம். இரண்டு விஷயம் பேச வந்தேன். நம் குடியுரிமை எப்படிப் பறிபோனது, அதைத் திரும்ப வாங்கியது யார்.

1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், அங்கே தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதினார்கள். தேயிலைக் கொழுந்து பறித்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கணக்கில் வந்தவர்களுக்காக உண்டானதுதான் நீங்கள் பால் வெட்டும் இந்த ரப்பர் தோட்டம்.

அங்கேயே நின்றவர்கள் சும்மா இருந்தார்களா? 1952-ல் தோட்டத் தொழிலாளர் தலைவர் தொண்டமான் தலைமையில் சத்தியாகிரகம் செய்தார்கள், பலிக்கவில்லை. வழக்கு, அப்போது இலங்கைக்கு மேல் நீதிமன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1953-ல் தோற்றது. 1986 தைப்பொங்கலிலிருந்து குடியுரிமை கேட்டு, தோட்டம் தோட்டமாகக் காலையில் பிரார்த்தனை செய்தார்கள். அது முடிந்த பிறகுதான் கூடையைத் தொட்டார்கள். அந்த வருஷமே நாடற்றவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கும் சட்டம் வந்தது. 1988-ல் இன்னொன்று, 2003-ல் மிச்சமிருந்தவர்களுக்கும் ஒன்று. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்.

நம் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) பாட்டி ஒருவர் கதை உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ஓய்வூதிய மனுவோடு ஓர் அலுவலகத்துக்குப் போனார். "நீங்கள் இந்தியர் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். மறுநாள், காகிதங்களைப் போட்டு வைத்திருந்த ஹார்லிக்ஸ் டப்பாவோடு போனார். மேசைமேல் முந்தானையை விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்: கண்டியில் இந்தியத் தூதரகம் கொடுத்த பாஸ்போர்ட்டு, குடும்ப அட்டை, இலங்கையிலிருந்து வந்தவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாமில் கொடுத்த சீட்டு. பாஸ்போர்ட்டில் அவர் மடியில் கைக்குழந்தை. "இந்தப் பிள்ளை இப்போ பேரன் எடுத்துட்டான் சார், இன்னும் நான் எந்த ஊருன்னு கேக்குறீங்களே" என்றார். அன்றும் நடக்கவில்லை. அடுத்த வாரம் போனார், அதற்கடுத்த வாரமும் போனார். கடைசியில் அந்த அதிகாரியே எழுந்து நாற்காலி போட்டு உட்காரவைத்து, மனுவில் கையெழுத்துப் போட்டார். அடிமேல் அடி!

அந்த டப்பாதான் என் பேச்சு முழுவதும். பின்னால் இலங்கைப் போருக்குத் தப்பி வந்த நம் சொந்தக்காரர்கள் பலர் தமிழ்நாட்டு முகாம்களில் இன்னும் அகதிகள். 2019-ல், அண்டை நாடுகளிலிருந்து வந்த சிலருக்குக் குடியுரிமை கொடுக்க இந்தியா தன் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் என்று எழுதினார்கள், இலங்கையை எழுதவில்லை. ஆனாலும் 2022-ல் மதுரை உயர்நீதிமன்றக் கிளையில் ஒரு பெண் வென்றார். 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்தவர். 1950 ஜனவரி 26-க்கும் 1987 ஜூலை 1-க்கும் இடையில் இந்த மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர் என்று சட்டத்திலேயே இருக்கிறது. பாஸ்போர்ட்டு கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். 2024 தேர்தலில் அவர் ஓட்டுப் போட்டார். அவரைக் காப்பாற்றியது பிறந்த தேதியும் பிறந்த இடமும் எழுதிய காகிதம்.

அதனால்தான் வீட்டுக்கு வீடு வந்து நச்சரிக்கிறேன். வருகிற சனிக்கிழமை முதல் இந்த வாசகசாலையில் ஆவண மேசை போடுகிறோம்.  பிள்ளைகளின் சாதிச் சான்றிதழுக்கான காகிதங்களும் அதே மேசைக்கு வரட்டும். பாஸ்போர்ட்டு, குடும்ப அட்டை, முகாம் சீட்டு, இருக்கிறதைக் கொண்டுவாருங்கள். கிழிந்திருந்தாலும் சரி. முகாமில் இருக்கும் சொந்தக்காரர்களிடம் போனில் கேட்டு, யார் எப்போது எங்கே பிறந்தார்கள் என்று குறித்து வாருங்கள். தமிழில் சொன்னால் போதும், மலையாளத்தில் எழுதிக்கொடுக்க நம் பையன்கள் உட்கார்ந்திருப்பார்கள். மனு எப்படிப் போடுவது என்பதை இனி வழக்கறிஞர் அம்மா சொல்வார்.